முதல் நாளை வெட்டியபின்

"என் கட்டுரையை எதுக்கு மேடம் அமுக்கி வெச்சிருக்கீங்க?"

கதவைக்கூடத் தட்டாமல் உள்ளே வந்து கேட்டார் நாச்சியப்பன். கல்லூரி வேலைக்கு நீண்ட லீவு போட்டுவிட்டு, நாற்பது வயதில் இயற்பியல் ஆராய்ச்சிக்கு வந்தவர். அந்த வயதில் மறுபடி மாணவனாவது லேசுப்பட்ட காரியமில்லை. லீவு அடுத்த மாதம் முடிகிறது. கட்டுரை வெளியே போகாவிட்டால் பட்டம் கிடையாது.

வழிகாட்டி எஸ்தர் அவரைவிடப் பத்து வயது இளையவர். கோபத்தில் மட்டும் சளைத்தவரில்லை.

"அதுல இருக்கறது தப்பு. அதான்."

கட்டுரை காந்தங்களைப் பற்றியது. கணினிக்குள் ஆயிரக்கணக்கான குட்டிக் காந்தங்கள். எல்லாவற்றையும் மேல்நோக்கி நிறுத்தி, சூட்டில் விட வேண்டும். அந்தச் சூட்டில் அவை மேலும் கீழுமாகக் கண்டபடி திரும்பிவிடும், சராசரி பூஜ்யமாகும் என்கிறது பாடம். நாச்சியப்பனின் காந்தங்களோ சராசரியில் இன்னும் மேலேயே பார்த்தன. புதிய கண்டுபிடிப்பு என்று எழுதிவிட்டார்.

"சராசரியை எங்கேருந்து எடுத்தீங்க?"

"ஆரம்பத்துலேருந்துதான்."

"ஆரம்பத்தை வெட்டி எறிஞ்சிட்டுதானே எடுக்கணும்? நீங்க நிறுத்தி வெச்ச நிலை காந்தங்களுக்கு மறந்து போகணும் இல்ல? முதல் வருஷப் பாடம் சார் இது!"

"எனக்கே பாடமா?" நாச்சியப்பன் மேசையில் ஓங்கி அடித்தார். டீ கிளாஸ் குதித்தது. "நாலு வருஷம் முன்னாடி, முதல் நாள் செமினார்ல, 'காலேஜ் நோட்ஸை இங்க வந்து ஒப்பிக்காதீங்க'ன்னு சொன்னீங்க. என்கிட்ட படிச்ச பையனே சிரிச்சான். அன்னிலேருந்து என்னை மட்டம் தட்டறதுதான் உங்க வேலை!"

எஸ்தரின் முகம் சிவந்தது.

"அன்னிக்கு நான் பேசினது தப்பு. ரொம்பத் தப்பு. இப்போ அந்த நாளை வெட்டிட்டு மிச்சத்தைச் சொல்லுங்க."

"மிச்சமா? என் அத்தியாயத்தைத் திருப்பித் திருப்பி அனுப்பினீங்க. ஒவ்வொரு பக்கத்துலயும் சிவப்பு மை."

"ஆமா, அனுப்பினேன். அப்புறம்?"

"அப்புறம்..." நாச்சியப்பன் பல்லைக் கடித்தார். "நல்லாதான் வந்துச்சு."

"வேற?"

வேறு என்ன? யோசிக்க யோசிக்க எரிச்சல்தான் வந்தது. இத்தனை நாள் அடுக்கி வைத்திருந்த குற்றச்சாட்டுகளில் ஒன்றுகூடக் கைக்கு அகப்படவில்லை.

"லீவு முடியுது மேடம். பட்டம் இல்லாம திரும்பிப் போக முடியாது."

"அது நிஜம். உங்க பிரின்சிபால்கிட்ட நான் பேசறேன்."

எஸ்தர் மடிக்கணினியை நாச்சியப்பன் பக்கம் தள்ளினார்.

"வெட்டுங்க."

நாச்சியப்பன் கோபத்தோடுதான் விசையைத் தட்டினார். ஆரம்பப் பகுதி போயிற்று. சராசரி கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு வந்து நின்றது.

கண்டுபிடிப்பு போயே போய்விட்டது.

"நாலு வருஷம் மேடம்!" என்று கத்தினார் நாச்சியப்பன். "நாலு வருஷம் வீணா போச்சே!"

"எதைச் சொல்றீங்க? கட்டுரையையா, கோபத்தையா?" என்று கேட்டார் எஸ்தர்.