கொடியில் தொங்கிய நூறு வேட்டிகள்

ஆற்றுக்கு இந்தக் கரையில் ராஜாவும் அந்தக் கரையில் மந்திரவாதியும் குடியிருந்த ஒரு காலத்திலே, முத்தரசி, பேச்சி என்று அக்காளும் தங்கையும் துணி வெளுத்துப் பிழைத்தார்கள். அவர்களிடம் ஒரு கழுதை இருந்தது. கழுதைதானே என்று நினைத்துவிடாதீர்கள்! துரை வீட்டு மூட்டையைச் சுமந்து சுமந்து இங்கிலீஷ் கற்றுக்கொண்ட கழுதை.

ஒருநாள் மந்திரவாதியின் கோட்டுப் பொத்தானை முத்தரசி தொலைத்துவிட்டாள். ஒரே ஒரு பொத்தான்! அதற்கு அந்தப் பாவி அவளை வெள்ளை வேட்டியாக்கித் தன் தோட்டத்துக் கொடியில் போட்டுவிட்டான். அங்கே ஏற்கெனவே தொண்ணூற்றொன்பது பேர் வேட்டியாய்த் தொங்கினார்கள்.

அக்காளை விடச் சொல்லிக் கேட்கப் பேச்சி கழுதையோடு மந்திரவாதியிடம் ஓடினாள்.

மந்திரவாதி சிரித்தான். "இவங்க பேரையெல்லாம் நான் முழுங்கியாச்சு. உன் அக்காளைத் தொட்டுக் காட்டி, அவ யாருன்னு ஒரே வரியில சொல்லு. என் மந்திரம் இங்கிலீஷ் மந்திரம், இங்கிலீஷ்லதான் சொல்லணும். சரியாச் சொன்னா அவ மறுபடி மனுஷியாவா. தப்பினா நூத்தியோராவது வேட்டி நீதான்!"

கழுதை அவள் காதில் சொன்னது: "மந்திரி ஆளை மீட்க வந்தார், 'விச்'னார், வேட்டியானார். தளபதி வந்தார், 'விச்'னார், வேட்டியானார். இளவரசரும் அதே கதைதான். 'விச்' பொருளுக்குச் சொல்றது தாயி. ஆளுக்கு 'ஹூ'. இன்னாரோடதுன்னு சொல்ல 'ஹூஸ்'. துணியாத் தொங்கினாலும் உன் அக்கா ஆளுதான்."

"ஹூவுக்குப் பிறகு என்ன சொல்ல?"

"அவ மட்டும் செய்யுறதைச் சொல்லு. இல்லேன்னா யார் வேணாலும் அதுல பொருந்திடுவாங்க."

பேச்சி நூறு வேட்டியையும் பார்த்தாள். எல்லாம் ஒரே வெள்ளை. அக்காள் மட்டும் செய்வது என்ன என்று யோசித்தாள். சட்டென்று ஆற்றுக்கு ஓடி ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து கொடிமேல் வாரி இறைத்தாள்.

"அக்கா, மழை வருது!"

தொண்ணூற்றொன்பது வேட்டியும் சும்மா நனைந்தன. ஒன்று மட்டும் குதித்து இறங்கி, பக்கத்து வேட்டிகளை அவசர அவசரமாக இழுத்துச் சுருட்டியது!

பேச்சி அதைக் கட்டிக்கொண்டாள். "ஷி இஸ் தி வுமன் ஹூ சேவ்ஸ் அவர் க்ளோத்ஸ் ஃப்ரம் தி ரெயின்!" மழையிலிருந்து நம் துணிகளைக் காப்பாற்றுகிறவள் இவள்தான் என்று சொன்னதும் முத்தரசி எழுந்து நின்றாள்.

"ஏண்டி, மழையையே காணோமே?" என்றாள்.

கொடியில் தொங்கியபோது மற்றவர்களின் அழுகையையெல்லாம் முத்தரசி கேட்டிருந்தாள். எவர் மகளுக்குத் தையில் கல்யாணம், எவர் பசு சினையாக இருக்கிறது, எல்லாம் அவளுக்குத் தெரியும். அவள் சொல்லச் சொல்ல, கழுதை 'ஹூஸ்' போட்டு இங்கிலீஷாக்க, எல்லோரும் மனிதரானார்கள். பிடிக்க ஆளில்லாத மந்திரம் மந்திரவாதி மேலேயே பாய்ந்தது. அவன் பொத்தான் இல்லாத கோட்டாகிக் கீழே விழுந்தான்.

மகனைத் திரும்பப் பெற்ற ராஜா சகோதரிகளுக்கு ஆற்றங்கரையில் மச்சுவீடு கட்டிக்கொடுத்தார். கழுதைக்கு ஒரு வயல் நிறையப் புல்.

கோட்டுக்கு முத்தரசி புதுப் பொத்தான் தைத்தாள். மழை வந்தால் அதைத்தான் முதலில் எடுப்பாள்.

"அதை இனி தாராளமா 'விச்'னு சொல்லலாமே?" என்று கழுதை கேட்டது.

"சும்மா இரு. உள்ளே ஒரு ஆளு இருக்கான்," என்றாள் முத்தரசி.

அன்று முதல் அந்த ஆற்றங்கரையில் எந்தத் துணியும் மழையில் நனையவில்லை. கதை கேட்ட நீங்களும் நனையாமல் வீடு போய்ச் சேருங்கள்.