சாரையின் கோபமும் பாறைச் செடிகளும்

ஒரு பாறைக் குன்றில் சாரைப்பாம்பு ஒன்று வாழ்ந்தது. அதற்கு ஒரே ஒரு ஆற்றாமை. பார்க்கிறவர்கள் எல்லாரும் அதை நாகம் என்றே நினைத்தார்கள்!

அடிவாரத்துப் புளியமரத்துக் குரங்குகள்தான் படுமோசம். சாரை தண்ணீர் குடிக்க இறங்கினாலே போதும், "ஐயோ, நாகம்! நாகம்!" என்று கத்திக் கல்லை வீசும்.

"நான் சாரைடா! எனக்குப் படம் இருக்கா? விஷம் இருக்கா? உங்க கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?" என்று சாரையும் கத்தும். யார் கேட்டார்கள்? அடுத்த கல்தான் வந்தது.

ஒருநாள் அடி தாங்காமல் அது குன்றின் உச்சிக்கு ஓடியது. அங்கே ஓர் ஆமை இருந்தது. அது ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொள்ளவில்லை. கிட்டே வந்து, சாரையை மேலும் கீழும் பார்த்தது.

"கண்ணு பெருசா இருக்கு. கழுத்துல படமும் இல்லை. நீ சாரைதானே? பயப்படாம இரு, தம்பி!"

சாரைக்கு அழுகையே வந்துவிட்டது. அன்றிலிருந்து ஆமையக்காவுக்காக அது எதையும் செய்யும்.

கோடையில் அந்த உச்சியில் புல் பூண்டு கிடையாது. பாறை இடுக்குகளில் விரல் உயரச் செடிகள் மட்டுமே இருந்தன. சதைப்பற்றான குட்டி இலை, மஞ்சள் பூ. ஆமைக்குச் சாப்பாடும் அதுதான், தண்ணீரும் அதுதான். ஆனால் அவற்றில் இரண்டு வகை உண்டு. இலையின் அடியில் வெள்ளைப் பஞ்சு மாதிரி முடி இருந்தால் தின்னலாம். முடி இல்லாதது வயிற்றைப் புரட்டிவிடும். தள்ளி நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

ஒருநாள் பசி அவசரத்தில் ஆமை முடி இல்லாததைக் கடித்துவிட்டது. பாவம், எழுந்திருக்க முடியாமல் படுத்துவிட்டது.

சாரைக்குக் கோபம் தலைக்கேறியது. "எங்க அக்காவுக்கேவா விஷம் வெச்சீங்க, திருட்டுச் செடிங்களா!" என்று சீறியது. வாலைச் சுழற்றி அடித்து, கண்ணில் பட்ட செடிகளை எல்லாம் பெயர்த்து அடிவாரத்துப் பள்ளத்தில் தள்ளியது.

"நிறுத்து தம்பி! பஞ்சு இருக்கான்னு பாருடா!" என்று ஆமை முனகியது.

"பார்க்க என்ன இருக்கு? எல்லாம் ஒரே சனியன்தான்!"

மறுநாள் ஆமைக்கு வயிறு சரியானது. எழுந்து பார்த்தால் பாறை மொட்டையாகக் கிடந்தது!

"அடப்பாவி! இனி நான் எதைத் தின்பேன்? அடுத்த குன்றுக்கு நடந்து போறதுக்குள்ள என் உயிரே போயிடுமே!"

"உனக்காகத்தானே அக்கா செஞ்சேன்!"

"எனக்காகவா?" ஆமை அப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை. "நீ அடிபட்டு வந்த அன்னைக்கு, 'எல்லாம் ஒரே பாம்புதான்'னு நானும் சொல்லியிருந்தா? அந்தக் குரங்குகளுக்கும் உனக்கும் என்னடா வித்தியாசம்?"

சாரைக்குச் சுருக்கென்றது. உடனே பள்ளத்துக்கு இறங்கியது. குவிந்து கிடந்த செடிகளை ஒவ்வொன்றாகப் புரட்டி, மூக்கோடு ஒட்டி வைத்துப் பார்த்தது. பஞ்சு இருந்தவற்றை மட்டும் கவ்விக்கொண்டது. அவை லேசில் சாகிற செடிகள் அல்ல. மண்ணில் செருகினால் மறுபடி வேர் விடும்.

திரும்பும் வழியில் புளியமரம். "நாகம்! நாகம்!" கற்கள் பறந்தன.

சாரைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால், "நான் சாரைடா!" என்று வாயைத் திறந்தால் செடிகள் விழுந்துவிடுமே! ஒரு கல் முதுகில் பட்டுத் தோல் கிழிந்தது. அப்போதும் அது வாயைத் திறக்கவில்லை. விறுவிறு என்று மேலே ஏறியது.

உச்சியில் செடிகளை ஆமையின் முன்னால் வைத்தது.

"நல்லாப் பார்த்தியாடா?"

"ஒவ்வொண்ணாப் பார்த்தேன், அக்கா!"

பாதியை ஆமை தின்றது. மீதியை இருவரும் பாறை இடுக்கில் செருகினார்கள்.

தன்னை யாரும் சரியாகப் பார்க்கவில்லையே என்று கொதிக்கிறவர், மற்றவர்மேல் கை வைக்கும் முன் தானும் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும்.