மயில்துத்தத்தில் மயில் எங்கே?

"இந்தக் கட்டிக்குள் மயில் எங்கே இருக்கிறது?" என்று ஒரு ராஜா தம் சபையின் விகடக்காரி வடிவாயியைக் கேட்டார். முன்னொரு காலத்தில், மயிலைக் கொடியில் எழுதிக் கும்பிட்ட நாட்டில் நடந்தது இது. அங்கே மயிலைக் கொன்றவனின் வலக்கையை வெட்டிவிடுவார்கள்.

வடிவாயி வாயைத் திறந்தால் ராஜா சிரிப்பார். ராஜா சிரித்தால் பிரதானி வீமராயருக்கு வயிறு எரியும். அவளை மடக்கச் சமயம் பார்த்திருந்தவர், அவளுடைய அண்ணன் சடையனின் சாயப்பட்டறையில் ஒரு நீலக் கட்டியைக் கண்டு பெயர் கேட்டார். துணியில் சாயம் நிற்பதற்குப் போடுகிற மயில்துத்தம் என்று கள்ளமில்லாமல் சொன்னான் சடையன். அவ்வளவுதான். மயிலைக் கொன்று இடித்துச் செய்தது, இல்லாவிட்டால் அந்தப் பெயர் எப்படி வரும் என்று சபையில் வழக்கு வைத்துவிட்டார்.

சடையன் கட்டுண்டு நின்றான். சாயம் ஏறிப்போன அவனுடைய வலக்கையையே வடிவாயி பார்த்தாள். சிறுமியாக இருந்தபோது, ஒரு மழைநாளில் இதே மாதிரிக் கட்டியை அடுப்போரம் உலரவைத்து அவனிடம் திட்டு வாங்கியது நினைவுக்கு வந்தது.

"மயில் உள்ளேதான் இருக்கிறது, மகாராஜா. உயிரோடு இருக்கிறது."

பிரதானியின் முகம் மலர்ந்தது. "இவளே ஒப்புக்கொண்டாள். எங்கே, அதைக் கொஞ்சம் பறக்கவிடு அம்மா, பார்ப்போம்."

அவள் சட்டியும் கரியடுப்பும் கேட்டு வாங்கினாள். கட்டியைப் பொடித்துப் போட்டு மெல்லச் சூடேற்றினாள். நீலம் வெளுத்து வெளுத்துச் சுண்ணாம்புப் பொடி போலாகிவிட்டது. சூடு தாங்காமல் மயில் பறந்துவிட்டது என்றாள். சபையே எழுந்து எட்டிப் பார்த்தது.

"போன மயிலை இனி யார் கூப்பிடுவது?" என்றார் பிரதானி.

"மழை கூப்பிடும்."

சட்டி ஆறும்வரை பொறுத்திருந்தாள். பிறகு ராஜாவிடம் தண்ணீர்ச் செம்பைக் கொடுத்துத் தெளிக்கச் சொன்னாள். நாலு சொட்டு விழுந்ததும் வெள்ளைப் பொடியில் நீலம் பூத்துப் பரவியது.

"செத்த மயில் மழைக்குத் தோகை விரிக்குமா, மகாராஜா? என் அண்ணன் எதையும் கொல்லவில்லை. இந்த நிறத்தைப் பார்த்த யாரோ ஒருவருக்கு மயில் கழுத்து ஞாபகம் வந்திருக்கிறது. பெயர் வந்த வழி அதுதான்."

ராஜா இன்னும் நாலு சொட்டுத் தெளித்துப் பார்த்தார். பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். சடையனின் கட்டைத் தாமே அவிழ்த்து, இனி அரண்மனைத் துணியெல்லாம் இந்தக் கையில்தான் நனையவேண்டும் என்றார். தம் தோளில் கிடந்த பட்டை எடுத்து வடிவாயிக்குப் போர்த்தினார்.

பட்டைச் சரிசெய்துகொண்டே அவள் மெதுவாகச் சொன்னாள்: "பெயரை வைத்துத்தான் வழக்கென்றால் இன்னொன்றும் இருக்கிறது. பிரதானியார் வீட்டில் காலையில் குதிரைவாலிச் சோறு. வாசனை தெருமுனை வரைக்கும் வந்தது. எதற்கும் பட்டத்துக் குதிரையை ஒருமுறை திருப்பி நிறுத்திப் பார்க்கலாம், மகாராஜா."

ராஜாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. வீமராயர் எழுந்தார். அங்கவஸ்திரத்தை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.