அளவுக்குள் வராத பெண்

"ஒரு பெண் மட்டும் என் அளவுக்குள் வரமாட்டேன் என்கிறாள், சாமி."

கல்மடத்துச் சாமி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "எதை அளக்கிறாய், வாத்தியாரே?"

"பயத்தை" என்றான் பரஞ்சோதி.

அவன் மலைமேல் இருக்கும் கல்லூரியில் உளவியல் ஆசிரியர். மார்கழியில் கல்லூரி பஸ் வளைவில் உருண்டது. மூன்று பிள்ளைகள் போய்விட்டார்கள். தப்பியவர்கள் மனதில் அந்த அதிர்ச்சி இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து சொல்லும்படி தாளாளர் உத்தரவு.

"'கெட்ட கனவு வருகிறதா, பஸ்ஸைத் தவிர்க்கிறாயா, கொஞ்சமா, அதிகமா' என்று கேள்வி கேட்பேன். பதிலுக்கு மதிப்பெண் போட்டுக் கூட்டுவேன். நோயின் அளவு தெரிந்துவிடும்."

"அந்தப் பெண்?"

"பொற்கொடி. மற்றக் கேள்விகளுக்கெல்லாம் பூஜ்யம். ஆனால் பஸ்ஸில் ஏறமாட்டாள். மலையை நடந்தே ஏறுகிறாள், இறங்குகிறாள். பஸ்ஸில் ஏறாதவர்களை நோயாளி என்று எழுதி வீட்டுக்கு அனுப்பச் சொல்கிறார் தாளாளர். அனுப்பினால் அவள் பரீட்சை போச்சு."

"அவளைக் கேட்டாயா?"

"கேட்டேன். 'எனக்கு ஒன்றுமில்லை சார், பஸ்ஸுக்குத்தான் பிரேக் பிடிக்கவில்லை' என்கிறாள்."

"பிடிக்கிறதா?"

பரஞ்சோதி தலையைக் குனிந்துகொண்டான்.

"அதே பஸ்தானா?"

"பெயிண்ட் அடித்திருக்கிறார்கள், சாமி."

"நீ எதில் போகிறாய்?"

"என் பைக்கில்."

சாமி கீரையை அப்படியே போட்டுவிட்டு எழுந்தார்.

மாலை. கல்லூரி வாசலில் பஸ் பிள்ளைகளோடு உறுமிக்கொண்டு நின்றது. பொற்கொடி மட்டும் வெளியே நின்று செருப்பு வாரை இறுக்கிக்கொண்டிருந்தாள்.

தாளாளர் காரிலிருந்து இறங்கினார். "இவள்தானே? எழுதியாச்சா?"

"எழுதலாம்" என்றார், பரஞ்சோதியோடு வந்து நின்ற சாமி. "அதற்கு முன் நீங்கள் இதில் அடிவாரம் வரை போய், இந்தப் பிள்ளையின் பயத்தைத் தெளிய வையுங்கள்."

"நான் எதற்கய்யா போகவேண்டும்? எனக்கென்ன பயமா?"

"இல்லை என்பதால்தான் கூப்பிடுகிறேன். முன் சீட்டு காலி."

"ஏறுங்க சார்!" பஸ்ஸுக்குள் யாரோ விசிலடித்தார்கள்.

தாளாளர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "எனக்கு... கூட்டம் இருக்கிறது."

விசில் நின்றது.

பின்சீட்டிலிருந்து ஒரு பையன் இறங்கினான். அவன் பின்னால் இரண்டு பெண்கள். பிறகு எல்லோரும். இறங்கியவர்கள் பொற்கொடியின் பக்கத்தில் போய் நின்றார்கள்.

"நடக்கத் தெரியுமாடா உங்களுக்கு? நான் வேகமாகப் போவேன்" என்றாள் அவள்.

தாளாளர் கத்தினார். "மொத்தக் கூட்டத்துக்கும் பைத்தியம்! எல்லோரையும் எழுது. இல்லாவிட்டால் நாளைக்கு நீயும் வரவேண்டாம்!"

அவர் காரை நோக்கி நடந்தார்.

பரஞ்சோதி சாமியைப் பார்த்தான். சாமி பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சட்டென்று அவன் கேள்வித்தாளை எடுத்து, பேனா மூடியைக் கழற்றிக்கொண்டு தாளாளர் பின்னால் ஓடினான்.

"ஐயா, ஒரே கேள்வி. போன மாதம் இந்த பஸ்ஸை எவ்வளவு தவிர்த்தீர்கள்? கொஞ்சமா, அதிகமா, மிக அதிகமா?"

கார்க் கதவு படீரென்று அறைந்து மூடிக்கொண்டது.

"மிக அதிகம்" என்று எழுதிக்கொண்டான்.