சாம்பலி தள்ளிவிட்ட முட்டை

அந்தக் காலத்தில் காக்கையும் பேசும், பல்லியும் பேசும். பேச்சு இருந்தால் வம்பு இல்லாமல் இருக்குமா? ஆற்றங்கரை நாவல் மரத்தில் சாம்பலி என்றொரு காக்கை இருந்தாள். போன வருஷம் அவள் அலைந்து திரிந்து இரை ஊட்டி வளர்த்த குஞ்சு ஒருநாள் வாயைத் திறந்து 'கூ' என்றது. குயில் குஞ்சு! சொந்தக் குஞ்சுகளோ இரை போதாமல் எப்போதோ செத்துப்போயிருந்தன.

"காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சாம். எது தன் குஞ்சு என்று தெரிந்தால்தானே!" என்று தோப்பே சிரித்தது.

இந்த வருஷம் முட்டையிட்டதும், அடைகாக்கும் வேலையைப் புருஷன் வேம்பனிடம் கொடுத்துவிட்டு, அதே மரத்துப் பொந்தில் இருந்த பட்டையன் என்ற பல்லியிடம், குயில் முட்டையைப் பிரித்தறியக் கற்றுக்கொள்ளப் போனாள். அடையாளம் வைத்துப் பொருளைப் பிரித்தெடுப்பதில் பட்டையன் கெட்டிக்காரன். அடையாளம் இன்னதென்று நீங்கள் விதி சொல்ல வேண்டும். அதற்குப் பொருந்தினால் 'டக் டக்' என்பான். பொருந்தாவிட்டால் வாயே திறக்கமாட்டான். இப்போது கம்ப்யூட்டரில் எழுத்துகளைத் தேட விதி எழுதிப் பழகுகிற பிள்ளைகளுக்குத் விதி பொருந்தினால் பச்சை, பொருந்தாவிட்டால் சிவப்பு என்று திரையில் காட்டுகிறார்களே, அதே பாடம்தான்.

"புளிய இலையை மட்டும் பிடிக்கிற மாதிரி ஒரு விதி சொல்லுங்க பார்ப்போம்" என்றான் பட்டையன்.

"பொடி இலை" என்றாள் சாம்பலி.

வேல இலைக்கும் டக் டக். நெல்லி இலைக்கும் டக் டக்.

"விதி தொளதொளன்னு இருக்கு அக்கா. இறுக்குங்க."

இறுக்கினாள். இந்தத் தடவை பாதிப் புளிய இலைக்குச் சத்தமே வரவில்லை.

"ஐயோ, ரொம்ப இறுக்கிட்டீங்க!"

இப்படியே பத்து நாள். தப்பு செய்த இடத்திலேயே பதில் கிடைத்ததால் சீக்கிரம் பழகிவிட்டாள். பதினோராம் நாள் பட்டையனைக் கூட்டுக்கே அழைத்து வந்தாள். முட்டைகளை நன்றாகப் பார்த்துவிட்டு விதி சொன்னாள். "நீலப்பச்சை ஓடு. பழுப்புப் புள்ளி, பத்துக்குக் குறையாமல்."

மூன்று முட்டைக்கு டக் டக். நாலாவது கொஞ்சம் வெளிறியிருந்தது. அதில் ஏழே புள்ளி. பட்டையன் வாய் திறக்கவில்லை.

"அவசரப்படாத புள்ள. நாலு நாள் பொறுத்தா பொரிஞ்சிடும்" என்றான் வேம்பன்.

"போன வருஷமும் பொறுத்துத்தானே பறிகொடுத்தேன்!" என்று சொல்லிக்கொண்டே அலகால் தள்ளிவிட்டாள்.

வேம்பன்தான் முதலில் கீழே பறந்து போனான். உடைந்த ஓட்டுக்குள் சிவந்த தோலோடு ஒரு குஞ்சு. குயில் குஞ்சின் தோல் கறுப்பு, காக்கைக் குஞ்சின் தோல் சிவப்பு. போன வருஷம் ஏமாந்த பிறகு இருவருக்கும் இது தெரியும். அது ஒரு தடவை வாயைத் திறந்து மூடியது. அவ்வளவுதான்.

"பாவி, ஏன்டா வாய் திறக்கல?" என்று பட்டையனைப் பார்த்து அலறினாள் சாம்பலி.

"நீங்க சொன்ன விதிக்குப் பொருந்துதான்னுதான் அக்கா எனக்குத் தெரியும். எது உங்க பிள்ளைன்னு எனக்கு எப்படித் தெரியும்? உங்க கடைசி முட்டை வெளுத்து வந்திருக்கு. அது விதியில இல்லையே" என்றான் பட்டையன்.

இரண்டு நாள் கழித்து, மீதி மூன்றில் ஒன்று முந்திக்கொண்டு பொரிந்தது. கறுத்த தோல்! விதிக்குப் பொருந்தி, டக் டக் வாங்கிய முட்டை. பசியில் வாயைப் பிளந்து கத்தியது.

"இதையும் தள்ளிடவா?" என்று கேட்டான் வேம்பன்.

சாம்பலி கீழே கிடந்த முட்டை ஓட்டைப் பார்த்தாள். "வேண்டாங்க. ஒரு தடவை தள்ளினதே இந்த ஜென்மத்துக்குப் போதும்" என்றாள். பிறகு போய் ஒரு புழுவைக் கொண்டுவந்து அந்த வாயில் வைத்தாள். வைக்கும்போதே அழுதாள்.

குயிலிடம் ஏமாறுகிற மக்குக் காக்கை என்று நாம் சிரிக்கிறோம். அதற்கு எல்லாம் தெரியும், பாவம். அன்று முதல்தான் காக்கை, தன் கூட்டில் எந்த முட்டை கிடந்தாலும் தன்னுடையது என்றே அடைகாக்கிறது.