கரையை வெட்டச் சொல்லாத அரசர்

கேளுங்கள், சொல்கிறேன். மலைக்கும் கடலுக்கும் நடுவே வெண்ணாடு என்றொரு நாடு செழித்திருந்த காலத்தில், அதன் அரசர் வாரிசில்லாமல் இறந்துபோனார். "வாள் பிடித்தவர்கள் ஆண்டது போதும், இனி ஒரு ஞானி எங்களை ஆளட்டும்" என்று மக்கள் மலையேறிப் போய், குகையில் தவமிருந்த நன்னாகரை அழைத்தார்கள்.

நன்னாகர் மறுத்தார். மக்கள் கெஞ்சினார்கள். மறுபடியும் மறுத்தார். மக்கள் அழுதார்கள். மூன்றாம் முறை மறுக்க அவருக்கு வாய் வரவில்லை. நீதி எது என்று தலை நரைக்கும்வரை யோசித்தவனுக்கு அதைச் செய்துகாட்டத் தெரியாதா என்று உள்ளூர ஓர் ஆசை.

மழைக்காலம் வந்தது. ஆற்றில் வெள்ளம் ஏறியது. அமைச்சர் நனைந்தபடி ஓடிவந்தார்.

"அரசே, வடகரையை வெட்டினால் விளைந்த நெல் போகும். வெட்டாவிட்டால் தென்கரை தானே உடைந்து குயவர் தெரு மூழ்கும். உத்தரவு சொல்லுங்கள்."

அரசர் கண்களை மூடினார். "உயிர்தான் பெரிது. ஆனால் நெல் அழிந்தால் பசியில் போவதும் உயிர்தானே? யோசிக்கிறேன்."

வெள்ளம் இன்னும் ஏறியது. அமைச்சர் மறுபடி வந்தார்.

"ஒருவரைக் காக்க இன்னொருவர் நிலத்தை அழிக்கலாமா என்பதையும் பார்க்கவேண்டும்" என்றார் அரசர். அவையோர் மெய்மறந்து தலையாட்டினார்கள். என்ன நுட்பம்! என்ன ஆழம்!

மூன்றாம் முறை அமைச்சர் வந்தபோது, அரசர் முகம் மலர எழுந்தார். "விடை கிடைத்துவிட்டது! வடகரையை வெட்டுங்கள்!"

"இனி வெட்ட எதுவும் இல்லை, அரசே. இரண்டு கரையும் உடைந்துவிட்டன. நெல்லும் போயிற்று, குயவர் தெருவும் போயிற்று."

நன்னாகர் மகுடத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, மக்கள் ஒதுங்கியிருந்த மேட்டுக்கு நடந்தே போனார். கணவனை வெள்ளத்துக்குக் கொடுத்துவிட்டு, ஈரச் சேலையோடு உட்கார்ந்திருந்தாள் கொற்றி என்ற குயவர் வீட்டுப் பெண்.

"தாயே, சரியான விடையைத்தான் கண்டுபிடித்தேன்" என்றார்.

"அது எங்க வீட்டுக்காரருக்குத் தெரியாமப் போச்சே, சாமி" என்றாள் அவள்.

அரசர் மகுடத்தைச் சேற்றில் வைத்தார். "எனக்கு ஆளத் தெரியவில்லை. வேறொருவரைத் தேடிக்கொள்ளுங்கள்."

கூட்டம் ஆரவாரித்தது. "தன் குறையைத் தானே சொல்லும் அரசரைக் கண்டதுண்டா? இவரல்லவோ ஞானி!" அவர் வேண்டாம் வேண்டாம் என்று கதறக் கதற, தோளில் தூக்கிக்கொண்டு அரண்மனைக்குப் போனார்கள்.

கொற்றி மட்டும் எழுந்திருக்கவில்லை.

நல்லது எது என்று அறிந்தால் மட்டும் போதாது, காலம் கடக்குமுன் அதைச் செய்பவரே ஆளத் தகுந்தவர்.