முப்பதாயிரத்து முப்பத்தொன்று

குன்றின்மேல் இருந்த அந்த ஆசிரமத்தில் வருகிறவர்களுக்கு மந்திரம் கொடுப்பதில்லை. ஓர் எண்ணைக் கொடுப்பார்கள். அதன் குணத்தைக் கண்டு சொல்ல வேண்டும். குரு வடிவம்மை முன்பு கல்லூரியில் கணக்கு நடத்தியவர். துறவு வந்தும் அந்தப் புத்தி மட்டும் போகவில்லை.

நாச்சிமுத்துவுக்குக் கிடைத்தது 30031. குருவைவிட இருபது வயது மூத்த சீடர் அவர். பிடிவாதத்தில் இன்னும் மூத்தவர். அவருக்கு வேண்டியதெல்லாம், விடை சொன்னால் கிடைக்கும், மேலே தனித்தவத்துக்கென்று இருந்த குகையின் சாவி. அங்கே போகிறவர் உறவையெல்லாம் விட்டுவிட வேண்டும், பிறகு வீடு திரும்பக் கூடாது என்பது ஆசிரமத்து வழக்கம்.

பத்தாம் நாள் காலை சிலேட்டோடு வந்து நின்றார்.

"கண்டுபுடிச்சுட்டனுங்கம்மா. இதை எதாலயும் வகுக்க முடியாது. ரெண்டு, மூணு, அஞ்சு, ஏழு, பதினொண்ணு, பதிமூணு, எதுல போட்டாலும் ஒண்ணு மிச்சம். அதுக்கு மேல மிச்சம் மாறுது, ஆனா தீரவே மாட்டேங்குதுங்க."

"தனி எண்ணுங்கறீங்க?"

"ஆமாங்க, என்னையாட்டமே. மூணு பசங்க ஊட்டுலயும் இருந்து பாத்தாச்சு. எங்க போனாலும் நான் ஒரு ஆளு மிச்சமாத்தான் நின்னேன்."



"பொண்ணு ஒண்ணு இருக்குதுன்னீங்களே?"

"கடைக்குட்டிங்க. எங்க பேச்சை மீறிக் கண்ணாலம் கட்டிக்கிட்டவ. பதினோரு வருசமாப் பேச்சில்ல. அங்க மட்டும் என்ன வாழுதுங்க? சாவியக் குடுங்கம்மா."

அம்மை சாவியை எடுத்தார், ஆனால் கொடுக்கவில்லை.

"எதுவரைக்கும் வகுத்தீங்க?"

"அம்பத்தி மூணு வரைக்குங்க."

"நூத்தி எழுபத்தி மூணு வரைக்கும் பாக்கணும்னு சொன்னேனே?"

"கை வலிக்கிற மட்டும் போட்டனுங்க. மத்ததும் இப்படித்தான இருக்கும்னு உட்டுட்டேன்."

"அம்பத்தெட்டு வரைக்கும் வர்றதெல்லாம் நீங்க போட்டுப் பாத்த எண்களோட மடங்குதான். அம்பத்தொம்பதை இங்கயே போடுங்க."

நாச்சிமுத்து சலித்துக்கொண்டே பலப்பத்தை எடுத்தார். ஐந்து தடவை போட்டுக் கழித்தார். அடுத்து ஒரு சுழி வைத்தார். கடைசியில் 531 நின்றது. ஒன்பது தடவை போட்டுக் கழித்தார்.

கீழே ஒன்றும் மிஞ்சவில்லை.

உள்ளங்கையால் சிலேட்டைத் துடைத்துவிட்டு மறுபடி போட்டார். மறுபடியும் மிஞ்சவில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

"இதை நான் போட்டே பாக்கலீங்களே" என்றார்.

அம்மை சாவியைத் தன் முந்தானையில் முடிந்துகொண்டார்.

"அந்தக் கடைக்குட்டிப் புள்ள எந்த ஊர்ல இருக்குதுங்க?"